நஞ்சப்பண்ணன் விழுந்த படம்

தறி இரைச்சலில் பேச்சு எடுபடாது. சோமனூர்த் தறிக்கூடத்தில் எல்லாமே கைஜாடைதான். புதிதாகக் கேமரா வாங்கிய வரதராஜுலு, அங்கே தறி ஓட்டும் மனைவி ராமாமணியைத்தான் முதல் ரோலில் எடுத்துப் பழகினான்.

கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்த பிரிண்டில், பக்கத்துத் தறியோரம் நஞ்சப்பண்ணன் நின்றார். தறியை நிறுத்தச் சொல்லி அவளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். அங்கே தறி ஓட்டி, நூலோடு குறுக்கே ஓடும் நாடாக்கட்டை தெறித்து நெற்றியில் அடித்து, போன வருஷமே செத்தவர்.

"இதென்ன அம்மணி?"

ராமாமணி பதறவில்லை. "நாடா தெறிக்கப் பாத்தா அண்ணன் முன்னாடியே வந்து காட்டுவாருங்க. நானும் நிறுத்திப்போடுவேன்."

"எங்கிட்டச் சொல்லவேயில்ல?"

"சொன்னாச் சிரிப்பீங்க. நீங்க படம் புடிச்சதுல இருந்து ஆளையே காணோமுங்க."

"இன்னிக்குப் போகாத."

"ஓனர் ஊட்டுக்கே வந்து கத்துவாருங்க."

சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினாள்.