நாற்பது பெண்களின் மனச்சோர்வு

மீனாட்சி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹரிகிருஷ்ணனுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம் என்று அலைகிற ரகம் அவன். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் பதினோரு வருஷமாகத் தற்காலிக உளவியல் விரிவுரையாளர். இந்த மாதக் கடைசிக்குள் பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, பின்னாலேயே வேலையும் போய்விடும்.

மீனவப் பெண்கள் மனச்சோர்வில் உழல்கிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டான். ஆகவே அவர்கள் உழன்றுதான் ஆக வேண்டும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் இந்தக் குப்பத்தில் நாற்பது பெண்களிடம் இரண்டு வாரத்துக்கு முன்பு இருபது கேள்விகள் கேட்டிருந்தான். அதே கேள்விகளை இப்போது மறுபடி கேட்க வந்திருக்கிறான். இரண்டு தடவையும் பதில் ஒத்துப்போனால் ஆய்வு தேறும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். மீனாட்சிதான் நாற்பதாவது ஆள்.

"எதிர்காலத்த நெனச்சா பயமா இருக்காம்மா?"

"ஒண்ணுலேந்து அஞ்சு வரிக்குமா சார், ஏழு வரிக்குமா?"

"அஞ்சும்மா. ஒண்ணுன்னா இல்லவே இல்ல, அஞ்சுன்னா எப்பவும். போன தடவையே சொன்னேன்ல?"

இதுகளுக்கு எதையும் பத்து தடவை சொல்லணும் என்று நினைத்தபடி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டான். வாசலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

"நாலு போட்டுக்க சார். கடலு உள்ள வந்துகினே கீது. போன மழையில பக்கத்து வூடு போச்சி. அடுத்தது எங்க வூடுதான்னு..."

"கதையெல்லாம் வேணாம்மா. நம்பர் மட்டும் சொல்லு."

மீனாட்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நம்பர் மட்டும் சொன்னாள்.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"எங்க சார் வருது. அஞ்சு போடு."

கடைசிக் கேள்விக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒரு மனுஷி அழுகிறாளே, ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுப்போம் என்று எவனுக்கும் தோன்றும். இவனுக்கு டிக் அடிக்கத்தான் தோன்றியது.

கலந்துகொண்டதற்குப் பரிசாக ஒரு எவர்சில்வர் தூக்கை நீட்டிவிட்டு வெளியே வந்தான். பைக் சீட்டில் லேப்டாப்பை வைத்து எண்களைத் தட்டினான். அன்றைக்கு நாலு சொன்னவள் இன்றைக்கும் நாலு, ரெண்டு சொன்னவள் இன்றைக்கும் ரெண்டு. நாற்பது பேரும் அப்படியே. இரண்டு தடவைப் பதிலும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஒட்டுறவு எண் முழுசாக ஒன்று. அதற்கு மேலே போகக் கணக்கில் இடமே கிடையாது.

உடனே வழிகாட்டிப் பேராசிரியர் பாலசுப்ரமணியனுக்குப் போன் போட்டான்.

"சார், ஒண்ணு வந்திருக்கு சார். முழுசா ஒண்ணு."

பேராசிரியர் முப்பது வருஷம் புள்ளியியல் நடத்தியவர். எந்த மனுஷக் கூட்டமும் இரண்டு வாரம் கழித்து இம்மி பிசகாமல் அதே பதிலைச் சொல்லாது என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்கே பாடம் எடுத்தவர். அங்கேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருக்கலாம்.

"ஒண்ணுன்னு போடாதப்பா, எவனும் நம்ப மாட்டான். பாயின்ட் ஒன்பது ஒண்ணுன்னு போட்டுடு."

"சரிங்க சார். இந்த வாரமே சப்மிட் பண்ணிடலாமா சார்?"

"பண்ணிடு, பண்ணிடு."

குருவுக்கேற்ற சிஷ்யன். இந்த லட்சணத்தில் இவர்கள்தான் ஊரார் மனசை அளக்கிறார்களாம்.

இனி டாக்டர் ஹரிகிருஷ்ணன்தான் என்ற நினைப்பில் ஹெல்மெட்டை எடுத்தான். அப்போது உள்ளேயிருந்து பவானியின் குரல் கேட்டது. காலையில் அவனிடம் பதில் சொல்லிவிட்டுப் போன முப்பத்தெட்டாவது ஆள் அவள்.

"பெரிம்மா, நாளைக்கும் எனக்கு நாலுதான?"

மீனாட்சி இப்போது அழவில்லை. குரல் கணீரென்று வந்தது.

"பேஜாரு பண்ணாதடி. அழுவுறது இந்த சாருக்கு, நாளைக்குக் கேள்வி கேக்க வர்ற மேடத்துக்குச் சிரிக்கணும்."