மூடி அண்ணி

அழைப்பு மணியை மூன்றாம் முறை அழுத்தினாள் மூடி அண்ணி. கதவு திறக்கவில்லை. அடுப்படியில் குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

கையில் சுருட்டிப் பிடித்திருந்த மாத இதழ் வியர்வையில் நனைந்திருந்தது. தலையைக்கூட வாராமல் ஓடிவந்து பேருந்தைப் பிடித்தவள். நாத்தனாரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் இன்றைக்கு இந்த வாசலை விட்டு நகர்வதில்லை.

பின்னே என்ன? இருபத்தாறாம் பக்கம். 'ஒரே பாத்திரத்தில் வீட்டுக்கே சமையல்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஆறு சிக்கனக் குறிப்புகள். கீழே நாத்தனாரின் பெயர். பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு புகைப்படம் வேறு.

அத்தனையும் அண்ணியுடையது.

கனமான மண்பாத்திரத்தில் உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைக்கோஸ் என்று அடுக்கி, மேலே காய்ந்த ரொட்டித் தூளைத் தூவுவது யாருடைய யோசனை? காய் வெந்த தண்ணீரைக் கொட்டாமல் மறுநாளைக்கு எடுத்து வைத்தது யார்? மூடியைச் சுற்றி மாவைப் பிசைந்து ஒட்டி, பாதி வெந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி வைத்துவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தவள் யார்? இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதுபாட்டுக்கு வெந்திருக்கும்.

இதையெல்லாம் எந்தப் பத்திரிகையும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மாமனார் வேலை பார்த்த ஆலையை மூடிய வருஷம், வீட்டில் வேளைக்கு ஏழு தட்டு வைக்க வேண்டியிருந்தபோது, அவளாகக் கண்டுபிடித்தது.

மூடியில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அவளே திறப்பாள், அவளே பரிமாறுவாள். அதற்குக் கொழுந்தன்மார் மூன்று பேரும் சேர்ந்து கேலியாக வைத்த பெயர்தான் மூடி அண்ணி. முப்பது வருஷமாக அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டவள்.

'என் அண்ணி சொல்லிக் கொடுத்தது' என்று ஒரே ஒரு வரி. எழுதினால் கை முறிந்துவிடுமா?

இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தச் சமையலை மதித்துச் சாப்பிட்டவளா இவள்? கொழுந்தன்மார் இரண்டாம் கரண்டிக்குத் தட்டை நீட்டுவார்கள். இவள் மட்டும், பத்து வயதுச் சுண்டைக்காய், ஒரு கரண்டி விழுந்ததும் தட்டைக் கையால் மூடிக்கொள்வாள். போதும், போதும் என்பாள். தன் கை ருசி இந்தப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லையே என்று அண்ணி எத்தனை நாள் மனசுக்குள் புழுங்கியிருக்கிறாள். தாயில்லாப் பிள்ளையை என்ன சொல்வது என்று விட்டுவிட்டாள். அன்றைக்குப் பிடிக்காத சாப்பாட்டில் இன்றைக்குப் பேர் வாங்குகிறாள், மகராசி.

நான்காம் முறை மணியை அடித்தாள். உள்ளே குழாய் நின்றது. வருகிறேன் என்று குரல் வந்தது.

கேள்விகளை வரிசைப்படுத்திக்கொள்ள அண்ணி இதழை விரித்தாள். வீட்டில் ஐந்தாம் குறிப்பைப் படிக்கும்போதே தலைக்கேறி, இதழைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆறாவதைப் படிக்கவில்லை. அதில் இன்னும் எதைத் திருடி வைத்திருக்கிறாளோ, அதையும் சேர்த்தே கேட்டுவிடலாம்.

'6. ஆள் அதிகம், காய் குறைவு என்றால், பாத்திரத்தின் அடியில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் அடுக்கவும். பாத்திரம் விளிம்பு வரை நிறைந்து தெரியும். வீட்டில் யாரும் கவலைப்பட மாட்டார்கள்.'

அண்ணி அதை இன்னொரு முறை படித்தாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய கணவனுக்கே தெரியாது. வேலை போன புதிதில் ஒருநாள் மாமனார் பாதிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். எனக்குப் பசியில்லை என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். மறுநாளிலிருந்துதான் கிண்ணம். அதற்காகத்தான் மூடியை யாரிடமும் கொடுக்காமல் காத்தாள். அந்தப் பாத்திரத்தைக் கழுவக்கூட யாரையும் விட்டதில்லை.

குறிப்புக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது.

'கவனம்: கொதிக்கும்போது கிண்ணம் டொக் டொக்கென்று தட்டும். அடுப்பருகே உட்கார்ந்து பாடம் படிக்கிற பிள்ளைக்கு விஷயம் தெரிந்துவிடும்.'

கதவு திறந்தது. ஈரக்கையைத் துடைத்தபடி நாத்தனார் நின்றாள். காதோரம் அவளுக்கும் நரைக்கத் தொடங்கியிருந்தது.

வழியெல்லாம் சேர்த்து வைத்த நாலு கேள்வியில் ஒன்றுகூட அண்ணிக்கு நினைவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அது யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இன்னொரு கரண்டி வேணும்னு ஒரு நாளாவது கேட்டிருக்கக் கூடாதாடி?"

நாத்தனார் விரிந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தாள். அண்ணியின் கையிலிருந்து அதை மெல்ல வாங்கி மடித்தாள்.

"கேட்டிருந்தா கரண்டி கிண்ணத்துல இடிச்சிருக்கும் அண்ணி. அப்பா எழுந்து போயிருப்பாரு."