பாட்டு முடிந்த பிறகு

மாலை வெயில் வானொலி நிலையத்தின் சின்ன அறைக்குள் சாய்ந்து கிடக்கிறது. பெயர் தெரியாத பாடகர்கள் ஒலிபரப்புக்காக அனுப்பிய பதிவுகளைக் காலையிலிருந்து கேட்டுக் காது மரத்துப்போன தேர்வாளர், கடைசிப் பாட்டு தொடங்கியதுமே கண்ணயர்ந்துவிடுகிறாள். பாட்டு முடிந்தும் பதிவு ஓடுகிறது. பாடியவள் நிறுத்த மறந்திருக்கிறாள். பதிவில் எங்கோ குழாய் சொட்டுகிறது. "யாராச்சும் இத கேப்பாங்களாக்கா?" என்கிறது பாடிய குரல். "ஏன், அடுப்படியில நீ கத்துறத தினமும் நான் கேக்கலையா?" என்று அக்கா சிரிக்கிறாள். "கிண்டல் பண்ணாதக்கா. ஒரே ஒருத்தர் முழுசா கேட்டாக்கூடப் போதும்." அந்தக் கடைசி வார்த்தைகள் காதில் விழ, தேர்வாளர் திடுக்கிட்டு விழிக்கிறாள். அவளை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த வண்டி ஓட்டுநர் கதவருகே சாவியை ஆட்டுகிறார். "இதையும் கழிச்சுட்டுக் கிளம்பலாமாம்மா?" "சாமி பொறுக்கணும், இத நான் இன்னும் கேக்கவே இல்லண்ணே" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து ஓடவிடுகிறாள்.