சொந்த நம்பர்

மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் மிளகு வியாபாரம் செய்யும் வெங்கிட்டு தன் ஆபீஸ் சர்வரிலிருந்து மூன்று மாதமாக அனுப்பிய மெயில் எதற்கும் பதில் இல்லை. பிராட்பேண்ட் கம்பெனி அனில் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"தப்பு உங்க மேல இல்லை மாமா. மோடத்தை அணைச்சுப் போட்டா ஐபி நம்பர் மாறும். நேத்திக்கு எவனோ குப்பை மெயில் அனுப்பின நம்பர் இன்னிக்கு உங்களுக்கு வரும். அது கரும்பட்டியல்ல இருந்தா உங்க மெயிலையும் தடுத்துடுவா."

"அப்போ நான் எழுதினது ஒண்ணுமே அங்க போய் எத்தலையாடா?"

"எத்தியிருக்காது."

வெங்கிட்டுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ எனக்கு மட்டும்னு மாறாத நம்பர் ஒண்ணு போட்டுக் கொடு!"

புது நம்பரில் தினம் ஒன்றாகப் பத்து மெயில் போயின. பதினொன்றாவது திரும்பி வந்தது.

மறுபடியும் வந்த அனில் திரையை வெகுநேரம் பார்த்தான்.

"இதுவும் பட்டியல்ல ஏறிடுத்து மாமா. பத்தும் எத்தியிருக்கு. பத்தையும் குப்பைன்னு புகார் பண்ணியிருக்கா. இந்த நம்பர்ல வேற ஆரும் இல்லையே... ஏதோ ஒரு பார்ட்டிக்கு உங்க மேல கோபம். எத்தனை பேருக்கு அனுப்பினேள்?"

"ஒருத்திக்குத்தான்."

அனில் ஒரு மெயிலைத் திறந்தான். 'சுபாக்குட்டி, அப்பாவை மன்னிச்சுடு' என்று தொடங்கியது. சட்டென்று மூடினான்.

"பழையபடி மாறற நம்பரையே போட்டுக் கொடுடா," என்றார் வெங்கிட்டு. "அதுலன்னா, அவளுக்கு எத்தலைன்னு நினைச்சுண்டு இருக்கலாம்."