நாலு பேரும் வந்தால்

சராசரி சார் தன்னிடம் இருந்த மூன்று ஜெம் கிளிப்புகளையும் மேசை நடுவே தள்ளினார்.

கிளிப் ஒன்றுக்கு ஒரு நாள் லீவு. இன்சூரன்ஸ் அலுவலகத்தின் கோப்பு அறையில், மதிய இடைவேளையில், ஐந்து பேர் போக்கர். ஜெயித்தவருக்குத் தோற்றவர்களின் லீவு. மொத்தம் சரியாக இருந்தால் மேனேஜர் கண்டுகொள்வதில்லை.

ஆட்டத்துக்கு வருகிறவர்கள் அதே மூன்றை வைக்கவேண்டும். வராதவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிடலாம்.

அவருக்கு ஆறு நாள் வேண்டும். வெளியூரில் மகளுக்குப் பிரசவம்.

ஆளுக்கு இரண்டு சீட்டு; பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஐந்து விரிப்பார்கள். அவர் கையில் இரண்டு ஏஸ். இரண்டு சீட்டில் அதைவிடப் பெரிய கை கிடையாது.

"நான் வர்றேன் சார்," என்றாள் ரிசப்ஷன் பெண்.

ஒருத்தர் வந்தால் நூற்றுக்கு எண்பத்தைந்து தடவை ஜெயம். ஆறு நாள் கைக்கு வந்த மாதிரிதான்.

டைப்பிஸ்ட் வந்தார். பியூன் வந்தார். சீட்டைப் பார்க்கக்கூட மெனக்கெடாமல் டிரைவரும் வந்தார்.

வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். சராசரி சாருக்கு உச்சி குளிர்ந்தது.

"நாலு பேர் வந்தா என் வாய்ப்பு அம்பத்தாறா குறையும். ஆனா ஜெயிச்சா பதினஞ்சு நாள். சராசரி எட்டுக்கு மேல. ஒருத்தர் மட்டும்னா அஞ்சுதான். நீங்க கூட்டமா வந்தது எனக்குத்தான் லாபம்."

எந்த உயிருக்கு எவ்வளவு பிரீமியம் என்று முப்பது வருடமாகக் கணக்குப் போடுபவர். சாவையே சராசரிக்குள் அடக்கியவர்; பட்டப்பெயரும் அதனால்தான்.

பொதுச்சீட்டுகள் ஐந்தும் விரிந்தன. இரண்டு ஏழு. மூன்றாவது ஏழு, டிரைவர் பார்க்காமலே திருப்பிப் போட்ட சீட்டில் இருந்தது. மூன்று ஏழுக்கு முன்னால் இரண்டு ஏஸ் செல்லாது.

டிரைவரின் முகம் பதினைந்து நாள் ஜெயித்தவரின் முகமாக இல்லை. பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார்.

"கணக்கு சரிதான்," என்றார் சராசரி சார். "ஆயிரம் தடவை ஆடினா நான்தான் முன்னால இருப்பேன்."

மகள் ஆயிரம் தடவை பிள்ளை பெறப் போவதில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

முகம் கழுவப் போனார். கழுவிய பிறகும் கண் சிவந்துதான் இருந்தது. திரும்பியபோது அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ரிசப்ஷன் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"சும்மா குடுத்தா வாங்க மாட்டேங்கிறார்னுதானே இந்தக் கூத்தே? நான் மட்டும் போய்த் தோக்கறேன்னுதானே பேசினோம்? உங்க மூணு பேரையும் யாருண்ணே வரச் சொன்னது?"

"நீ மட்டும் குடுக்கறே, நாங்க பார்த்துட்டு உக்காந்திருக்கிறதா?" என்றார் டிரைவர். "மனசு கேக்கலம்மா."

சராசரி சார் கதவருகிலேயே நின்றார். மனசு கேட்காதவர்களுக்கு அவருடைய அட்டவணைகளில் கட்டம் எதுவும் கிடையாது.

தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார். உட்கார்ந்து, சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அடுத்த வருஷ லீவுல ஆறு நாள் வைக்கிறேன்," என்றார். "ஒருத்தர் மட்டும் வந்தா போதும்."