காலில் ஒட்டிய கரி

வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பெரியமுத்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்தார். வண்டிப்பெரியாற்றுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதமாகிறது. வயிறு வலிக்காத ஆள் அங்கே யாருமில்லை.

பொதுச் சட்டியில் வெந்த கப்பக்கிழங்கை இலையில் வைத்து நீட்டினார்கள். சங்கத் தலைவரான பெரியமுத்து தொடவில்லை, பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று தள்ளிவிட்டார். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோட்டயத்திலிருந்து வந்த சங்க நோட்டீசில் 'பிளாக்லெக்' என்றொரு இங்கிலீஷ் சொல் இருந்தது. நாம் கருங்காலி என்கிறோமே, அதுதான் என்றார் பெரியமுத்து. பிளாக் என்றால் கறுப்பு, லெக் என்றால் கால்.

காலுக்கும் துரோகத்துக்கும் என்ன உறவு என்று இளவட்டம் கருத்தப்பாண்டி கேட்டான். சங்க வகுப்பில் கேட்ட கதையைப் பெரியமுத்து சொன்னார். சீமையில் நிலக்கரிச் சுரங்கம். வேலைநிறுத்தத்தின்போது திருட்டுத்தனமாகக் கரி வெட்டப் போனவன், முகம் கை கழுவி நல்லவன்போல் வந்து நிற்பான். கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தால் காலில் கரி ஒட்டியிருக்கும்.

"நமக்குக் கரி எதுக்கு? அட்டை இருக்குல்ல," என்றான் கருத்தப்பாண்டி.

எல்லாரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் தேயிலைக்குள் இறங்கினால் அட்டை கடிக்காமல் விடாது. ஒரு மாதமாக இறங்காத கால்களில் பழைய கடியெல்லாம் காய்ந்துவிட்டது. விடியுமுன் யாரோ ஏழாம் நம்பர் காட்டில் கொழுந்து எடுப்பதாகவும், தோட்டத் துரை அன்றன்றே கூலியாக அரிசி அளப்பதாகவும் பேச்சு இருந்தது.

அகப்பட்டவளுக்குச் சட்டியில் பங்கில்லை, அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது என்று பெரியமுத்துவே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்.

பெண்கள் வரிசையாக நின்று சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கினார்கள். பெரியமுத்துவின் மனைவி மூக்கம்மாள் மட்டும் தயங்கினாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் தூக்கினாள். கால் சுத்தமாக இருந்தது. பெரியமுத்து மூச்சு விட்டார்.

பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் காலில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைக்காரி. அவள் சேலையை இறக்காமல் நின்றாள்.

"கால் சொல்லுதே, வாய் என்னத்துக்கு?" என்றான் கருத்தப்பாண்டி. பின்னாலிருந்து யாரோ காறித் துப்பினார்கள்.

பெரியமுத்து வயிற்றைத் தடவியபடி முன்னால் வந்தார்.

"ஊரே பட்டினி கிடக்கு, உனக்கு மட்டும் சோறு கேக்குதோ? இந்தச் சட்டிக்கும் உனக்கும் இனிச் சம்பந்தமில்ல, சுருளி. என்னமும் சொல்லணுமா?"

சுருளியம்மாள் சேலையை இறக்கிவிட்டாள். மூக்கம்மாளை ஒருமுறை பார்த்தாள். அவளோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்து ராத்திரி மதினி எங்கிட்ட வாங்குன ஒரு படி அரிசி கடனா நிக்கு, அண்ணே."