நிற்காமல் நாற்பது மைல்

பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷன் வந்தது. சேனாபதி மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை.

அவன் கோட்டுப் பைக்குள் சொருகியிருந்த தன் கையை எடுத்து, பின்னால் உட்கார்ந்திருந்த பவளம் அவன் வலது தோளில் இரண்டு தட்டு தட்டினாள். நிறுத்தச் சொல்ல அவர்களுக்குள் அதுதான் வழக்கம். பதிலுக்கு அவன் ஹெல்மெட் ஒருமுறை ஆடும்.

ஆடவில்லை.

காலையில் அமரில்லோவில் கிளம்பும்போது வெயில் அடித்தது. தொண்ணூற்றேழாம் வருஷத்துப் பிப்ரவரி. ஆலனில் இருக்கும் வீட்டுக்கு ஆறு மணி நேரம், சாயங்காலக் காப்பிக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். பதினோரு மணிக்கு வடக்கிலிருந்து கருநீலமாக ஒரு மேகம் துரத்திக்கொண்டு வந்தது. அரை மணியில் குளிர் இறங்கிவிட்டது. அப்புறம் தூறல். விழுந்த இடத்திலேயே உறைந்தது. கோட்டு மடிப்புகளில் கண்ணாடி மாதிரி ஒட்டி, கையை அசைத்தால் நொறுங்கி உதிர்ந்தது.

ரோடும் அப்படித்தான் மினுங்கியது.

மறுபடி தட்டினாள். பிறகு முஷ்டியால் குத்தினாள்.

அவன் முதுகு மரக்கட்டை போல இருந்தது.

முந்தின நாள் மோட்டலில் அவள்தான் பேச்சை எடுத்தாள். ஊருக்குப் போகிறேன், இந்த முறை திரும்பி வருவதாக இல்லை என்றாள். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் எதையும் அவ்வளவு நிதானமாக அவள் சொன்னதில்லை. அவளைச் சமாதானப்படுத்தத்தான் அவன் இந்த டூரையே போட்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் எழுந்து சாமான்களை வண்டியில் கட்டினான்.

அடுத்த ஊர் வந்தது. சிக்னல் சிவப்பு.

ஆளே இல்லாத தெருவில்கூட ஸ்டாப் போர்டைப் பார்த்தால் நின்று, மூன்று எண்ணிவிட்டுக் கிளம்புகிறவன் சேனாபதி. வேகம் குறைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

குறைந்த வேகத்திலேயே சிவப்பைக் கடந்தான். குறுக்கு ரோட்டிலிருந்து வந்த லாரி ஹார்னை அழுத்திக்கொண்டே அவர்களுக்குப் பின்னால் வழுக்கிப் போனது.

ஊர் முடிந்தது. இரண்டு பக்கமும் பருத்தி எடுத்த வெறும் நிலம்.

இவன் வீட்டுக்குப் போகவில்லை.

நீயும் உயிரோடு வேண்டாம், நானும் வேண்டாம் என்று ராத்திரியே முடிவு பண்ணியிருக்கிறான். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

குதிக்கலாமா என்று கீழே பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே ரோடு பளபளவென்று ஓடியது. முடியாது.

"ஏனுங்... நான் போகலீங்க. எங்கியும் போகலீங்க. வண்டிய நிறுத்துங்க."

ஹெல்மெட்டுக்குள் அவள் குரல் அவள் காதையே அடைத்தது. சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். கத்தியைக் காட்டுகிறவனிடம் சங்கிலியையும் வளையலையும் கழற்றிக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். அந்தப் பேச்சை இனி எடுக்க மாட்டேன் என்றாள். அம்மாவுக்குப் போன்கூடப் பண்ண மாட்டேன் என்றாள்.

அவன் திரும்பவில்லை.

வலது பக்கம் ஒரு சரளை ரோடு மேடேறிப் போனது. வண்டி அதில் திரும்பியது. எட்டும் தூரத்தில் வீடு இல்லை, ஆள் இல்லை. ஏற ஏற வேகம் குறைந்தது. என்ஜின் குலுங்கியது, திணறியது, அணைந்தது. ஒரு நொடி அப்படியே நின்ற வண்டி இடப்பக்கம் மெதுவாகச் சாய்ந்தது.

பவளம் காய்ந்த புல்லில் விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. எழுந்து ஓடினாள். இருபது அடி ஓடிவிட்டு, துரத்துகிறானா என்று திரும்பிப் பார்த்தாள்.

துரத்தவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தான். கால்கள் வண்டிக்கு அடியில் சிக்கவில்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளும் இன்னும் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தன.

"பவளம்," என்றான். வாய் குழறியது. "கைய எடுத்து வுடு."

அவளுக்குப் புரியவில்லை. கிட்டப் போகப் பயமாக இருந்தது. போனாள்.

கையுறை விறைத்துப் போயிருந்தது. உள்ளே விரல்கள் அதைவிட விறைப்பாக இருந்தன.

சில்ட்ரஸ் என்ற ஊரைத் தாண்டியதிலிருந்தே விரல்களை நீட்டவும் வரவில்லையாம், மடக்கவும் வரவில்லையாம். கிளட்ச் இல்லை, கை பிரேக் இல்லை. மணிக்கட்டைத் திருப்பி வேகத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும்தான் முடிந்தது. அந்த ஐஸில் கால் பிரேக்கை மிதித்தால் வண்டி சுழன்று இரண்டு பேரும் லாரிக்கு அடியில்தான். தானாக நிற்க ஒரு மேடு கிடைக்காதா என்று நாற்பது மைலும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். பல் கிட்டிக்கொண்டு, துண்டு துண்டாக இதைச் சொன்னான்.

பவளம் மண்டி போட்டாள். சுண்டு விரலில் ஆரம்பித்தாள். விரலருகே குனிந்து ஊதினாள், மெதுவாகப் பிரித்தாள், மறுபடி ஊதினாள். ஒவ்வொரு விரலுக்கும் அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அவளுக்குப் பயம் போயிருக்க வேண்டும், போகவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

அவன் கண்ணைத் திறந்து அவளை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"நானும் கத்திக்கிட்டேதான வந்தேன்," என்றான். "உனக்குக் கேக்கவே இல்லியா?"

கடைசி விரல் இன்னும் பிடியிலேயே இருந்தது.